எந்தக் கொடி உன் கொடி?

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்!" என்று உபதேசம் செய்யும் கனவான்களை நாம் நெடுநாளாகக் கவனித்து வருகிறோம். இவ்வுபதேசம் எக்காலத்தும் ஒரே திசையிலிருந்துதான் வருகிறது. தன் கொடி கம்பத்தின் உச்சியில் ஏறிவிட்டவன், கம்பமே இல்லாதவனைப் பார்த்து, "மைதானத்தில் கொடி எதற்கப்பா?" என்று கேட்கிறான். உண்டு முடித்துக் கை கழுவியவன் பசித்தவனுக்கு உபவாசத்தின் மகிமையை எடுத்துரைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையிலுள்ள கொசோவோ என்னும் சிறு நாட்டு மக்களுக்கு இவ்வுபதேசம் எவ்விதம் செய்யப்பட்டது, கால்பந்து மைதானத்தில் அவர்கள் அதற்கு எவ்விதம் விடையளித்தார்கள், அவ்விடையில் நாம் ஏற்பது எது, ஏற்காதது எது என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துக் கூறவே இதை எழுதுகிறோம்.

கால்பந்தை நம்மவர்க்கு நாம் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கோஷ்டியிடம் தோற்றுவிட்டால், மறுநாள் பால்மரம் வெட்டப் போகும்போது ஒருவரோடொருவர் வாய் பேசாமல் போன வாலிபர்களை நம்மில் மூத்தோர் கண்டிருக்கிறார்கள். ஆனால் கொசோவோவை அறிமுகம் செய்தே ஆகவேண்டும். பரப்பளவில் அது நம் பேராக் மாநிலத்தில் ஏறத்தாழப் பாதி. 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஜனத்தொகை ஏறக்குறைய 16 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அல்பேனிய மொழி பேசுவோர். செர்பியர், துருக்கியர், போஸ்னியர், ரோமா, கொரானியர் என்போரும் அந்நாட்டில் உண்டு.

1912-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் அல்பேனியா சுதந்திரப் பிரகடனம் செய்தது. அடுத்த ஆண்டே வல்லரசுகள் தேசப்படத்தை விரித்து வைத்துக் கோடு கிழித்தன. அக்கோட்டுக்கு அப்பால், செர்பியாவின் வசம் விழுந்த அல்பேனியரின் வமிசத்தார்தாம் இன்றைய கொசோவோ மக்களிற் பெரும்பாலோர். பின்னர் யூகோஸ்லாவியா என்னும் கூட்டு நாட்டின் கீழ் 1974-இல் அவர்களுக்கு விரிந்த சுயாட்சி கிடைத்தது. 1989-இல் அது பறிக்கப்பட்டது. 1998, 1999 ஆண்டுகளின் யுத்தத்தில் 13,000 பேருக்கு மேல் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் வீடிழந்து ஓடினர். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-இல் கொசோவோ தன்னைச் சுதந்திர நாடென அறிவித்தது. நம் மலேசியா அதே ஆண்டிலும், சிங்கப்பூர் 2016-ஆம் ஆண்டிலும் அதனை அங்கீகரித்தன. செர்பியா ஏற்கவில்லை, ஐக்கிய நாடுகள் சபையில் கொசோவோவுக்கு ஆசனமும் இல்லை.

ஆசனம் இல்லாத நாட்டுக்கு ஆடுகளமாவது உண்டா? இதுவே கேள்வி.

இதற்கு விடை தேடுமுன் 1991-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். சுயாட்சி பறிபோனபின் அல்பேனியர் உத்தியோகங்களிலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் தள்ளப்பட்டனர். கால்பந்து ஆட்டக்காரரும் யூகோஸ்லாவியப் போட்டிகளை விட்டு வெளியேறித் தமக்கென ஒரு தனிப் போட்டியை நடத்தினர். அரங்கங்கள் அவர்களுக்கு இல்லை. கிராமத்துப் புல்வெளிகளிலும் மேடுபள்ளமான மந்தைவெளிகளிலும் ஆடினார்கள். போலீசார் வந்து ஆட்டத்தைக் கலைப்பதும் உண்டு. இத்தனைக்கும் நடுவே ஊர் ஜனங்கள் திரண்டு வந்து நின்று பார்த்தார்கள். ஏன்? கோல் எண்ணிக்கை அறியவா? கூட்டம் கூடுவதே குற்றமென்று சொல்லப்பட்ட காலத்தில், கூடுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஒரு முகாந்தரம் பந்து! அந்தப் பந்தில் அரசியல் இருந்தது என்பது உண்மையே. அதை அதற்குள் புகுத்தியவர் யார் என்பதைத்தான் உபதேசக் கனவான்கள் சொல்வதில்லை.

2014-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் மித்ரோவிட்சா நகரில் நடந்ததைக் கேளுங்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய பிபா, கொசோவோவின் தேசியக் கோஷ்டிக்கு முதன்முதலாக ஒரு சிநேகபூர்வ ஆட்டத்துக்கு அனுமதி தந்தது. எதிரே நின்றது ஹெய்ட்டி நாட்டுக் கோஷ்டி. நிபந்தனை என்ன தெரியுமா? தேசியக் கொடி கூடாது. தேசிய கீதம் கூடாது. தேசச் சின்னம் எதுவுமே கூடாது. பதினொருவர் மைதானத்தில் இறங்கினர். தாம் யார் என்று சொல்ல மட்டும் அவர்களுக்கு உரிமையில்லை. ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. இத்தடையைப் பிறப்பித்தவர்கள் தாங்கள் அரசியல் செய்ததாகவே எண்ணவில்லை! கொடி பிடிப்பது அரசியலென்றால், கொடியைப் பிடுங்குவது மட்டும் என்ன, சமையற்கலையா?

இன்னொரு வேடிக்கை. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதம் செவில் நகரில் கொசோவோ ஸ்பெயினோடு உலகக் கோப்பைத் தகுதியாட்டம் ஆடிற்று. ஸ்பெயின் அரசு கொசோவோவை அங்கீகரியாதது. ஆகவே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் எதிர்க் கோஷ்டியைக் "கொசோவோ பிரதேசம்" என்றே குறிப்பிட்டது. தொலைக்காட்சித் திரையில் ஸ்பெயினின் பெயர்ச் சுருக்கத்தைப் பெரிய எழுத்திலும், கொசோவோவின் பெயர்ச் சுருக்கத்தைச் சிறிய எழுத்திலும் போட்டார்கள். நம் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமில்லாததால் இந்த அவமதிப்பின் சுவையை நேயர்கள் முழுதும் அனுபவிக்க முடியாது. பந்தியில் பக்கத்து இலைக்காரனுக்குத் தலைவாழை இலையும் நமக்குக் கிழிந்த இலையும் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் 3-1 என்ற கணக்கில் வென்றது. வெல்லத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சின்னப் புத்தி எதற்கு?

இனி அங்கீகாரம் வந்த வரலாறு. 2016-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமாகிய யுவேபாவில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 28, எதிர்ப்பு 24. நான்கே வாக்குகள்! பத்து நாள் கழித்து பிபாவும் ஏற்றுக்கொண்டது. இதற்காகப் பல்லாண்டு அலைந்தவர் கொசோவோ கால்பந்துச் சங்கத்தின் தலைவராயிருந்த ஃபாதில் வோக்ரி. அவர் யூகோஸ்லாவிய தேசியக் கோஷ்டியில் ஆடிய முதல் கொசோவோ அல்பேனியர். பெல்கிரேடின் பார்டிசான் கோஷ்டியில் ஆடிச் செர்பிய ரசிகர்களின் கைதட்டலையும் ஏராளமாகப் பெற்றவர். 2018-இல் அவர் காலமானார். தலைநகர் பிரிஷ்தினாவின் அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தன் மக்களுக்கு ஒரு கோஷ்டியைப் பெற்றுத் தந்தவர், எதிரி நகரத்தாரின் அன்பையும் பெற்றவராயிருந்தார் என்பதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். இதைப் பற்றிப் பின்னும் பேச வேண்டியிருக்கிறது.

அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பின்லாந்தின் துர்க்கு நகரில் கொசோவோ தன் முதல் அதிகாரபூர்வப் போட்டியை ஆடியது. வேறு நாடுகளுக்காக முன்னர் ஆடியிருந்த சிலருக்கு, கொசோவோவுக்காக ஆடலாம் என்ற அனுமதி ஆட்டத்தன்றுதான் வந்து சேர்ந்தது. முதல் கோலை அடித்தவர் வலோன் பெரிஷா. அவரும் அதற்குமுன் நார்வே நாட்டின் கோஷ்டியில் ஆடியவரே. ஆட்டம் 1-1 என்று முடிந்தது. யுத்தத்தாலும் வறுமையாலும் சிதறிப்போன ஒரு ஜனசமூகத்தின் பிள்ளைகள் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, நார்வே, சுவீடன் என்று ஊர் ஊராக வளர்ந்து, ஒரு நாள் மாலை ஒரே நிறச் சட்டை அணிந்து நின்றார்கள். கடல் கடந்து வந்தவரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இக்காட்சியின் பொருளை விளக்க வேண்டுமா?

இந்த இடத்தில்தான் கேள்வி கேட்போர் வருகின்றனர். ஒரு புறம் வெளியார்: "உன் அரசாங்கக் கொடி நீலம், நீயோ அல்பேனியாவின் சிவப்புக் கொடியைத் தூக்குகிறாய். எந்தக் கொடி உன் கொடி?" என்கின்றனர். மறு புறம் அல்பேனியருள்ளேயே சிலர்: "ஓர் இனத்துக்கு ஒரு கோஷ்டி போதாதா? கொசோவோ என்று தனிக் கோஷ்டி வைப்பது இனத்தைப் பிளப்பதன்றோ?" என்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் வெறுப்பவர்கள். ஆயினும் இருவர் கேள்வியும் ஒரே அச்சில் வார்த்தது. மனிதனுக்கு ஒரு பற்றுத்தான் இருக்கலாம், இரண்டு இருந்தால் ஒன்று பொய் என்பதே இருவர் கொள்கையும்.

நாம் இதை ஒப்பவில்லை.

நீலக் கொடியின் கதையைப் பாருங்கள். 2007-இல் கொடிக்கான போட்டி நடந்தபோது, அதில் கழுகு கூடாது, சிவப்பும் கறுப்பும் மட்டுமாக இருத்தல் கூடாது என்று விதித்தார்கள். முடிவில் வந்தது: நீல நிலத்தில் பொன்னிறத் தேசப்படம், மேலே ஆறு இனங்களைக் குறிக்கும் ஆறு வெள்ளை நட்சத்திரங்கள். தேசிய கீதத்துக்கோ சொற்களே இல்லை, இசை மட்டுமே. எம்மொழியில் பாடினாலும் ஒருவர் முகம் சுளிப்பாரென்று எவர் மொழியிலும் பாடாமல் விட்டார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் வாயால் பாட முடியாத பாட்டைக் கூட்டம் எப்படித் தன்னுடையதாக்கும்? வேறெந்த நாட்டோடும் சேர முயல்வதில்லை என்று அரசியல் சாசனத்தின் முதல் விதியிலேயே எழுதி வைத்தார்கள். இவையெல்லாம் தூதர்களும் நிபுணர்களும் மேசையைச் சுற்றியமர்ந்து முடிவு செய்தவை. பிரிஷ்தினாவின் சந்தைக்காரரிடமும் சுரங்கத் தொழிலாளரிடமும் எவ்வளவு தூரம் கேட்டார்களோ! அக்கொடியை ஜனங்கள் மதித்தார்கள். ஆனால் அதற்காக அழுதவர் அரிது. சுதந்திரம் அறிவித்த நாளிலேயே தெருக்களில் பெரிதும் பறந்தது இருதலைக் கழுகு பொறித்த சிவப்புக் கொடிதான்.

அந்த நீலத்துக்கு உயிர் கொடுத்தவற்றில் முதலிடம் கால்பந்துக்குத்தான் என்பது நம் அபிப்பிராயம். சாசனத்தைப் படித்து ஒரு சிறுவன் நாட்டுப்பற்றுக் கொள்வதில்லை; தன் ஊரான் அடித்த பந்து வலைக்குள் பாய்வதைப் பார்த்துக் கொள்கிறான். "தர்தானியர்" என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ரசிகர் கூட்டம் நீலச் சட்டை அணிந்து அரங்கத்தை நிரப்பியது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்கள் செக் நாட்டை 2-1 என்று வென்றார்கள். மூன்றே நாளில் இங்கிலாந்து சென்று, தோற்றாலும் மூன்று கோல் அடித்துவிட்டு வந்தார்கள். 2025-இல் சுவீடனை உள்நாட்டிலும் அந்நாட்டிலுமாக இருமுறை வென்றார்கள். (2019 நவம்பரில் ஆங்கிலேய ரசிகர் பிரிஷ்தினா வந்தபோது, ஊரெங்கும் ஆங்கிலேயர் கொடியைக் கட்டி வரவேற்றனர். நேட்டோ வானப்படை 1999-இல் தலையிட்டதற்காக நன்றி! அக்கொடியின்கீழ் பாட்டன் காலமெல்லாம் வேலை செய்த நமக்கு இது சற்று விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவரவர் பட்ட காயத்துக்கு மருந்திட்டவனை அவரவர் நினைப்பர். அதில் நாம் தலையிடலாகாது.)

நீலம் வளர்ந்ததால் சிவப்பு தேய்ந்ததா? இல்லவே இல்லை. அல்பேனியாவின் கோஷ்டி ஆடும்போது அதே இளைஞர் சிவப்புச் சட்டையில் அமர்ந்து ஆரவாரிக்கின்றனர். 2016-ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் லென்ஸ் நகரில் அல்பேனியாவும் சுவிட்சர்லாந்தும் மோதின. அல்பேனியப் பக்கம் தவுலாந்து ஷாக்கா. சுவிஸ் பக்கம் அவர் உடன்பிறந்த கிரானித் ஷாக்கா. கொசோவோவிலிருந்து குடியேறிய குடும்பம். அவ்விருவரின் தாய் அன்று அணிந்திருந்த சட்டையில் பாதி அல்பேனியக் கொடி, பாதி சுவிஸ் கொடி! எந்தக் கொடி உன் கொடி என்று அந்த அம்மையாரிடம் போய்க் கேட்கும் துணிவு எந்த அறிஞருக்காவது உண்டா? பிள்ளையைப் பெற்றவளுக்கு இரண்டு கண். அதில் எது பொய்க் கண்?

இன்னொன்றும் நம் கவனத்துக்குரியது. அல்பேனியருள் முஸ்லிம்கள் உண்டு, கத்தோலிக்கர் உண்டு, வைதீகக் கிறிஸ்தவர் உண்டு, பெக்தாஷி நெறியினர் உண்டு. கொசோவோவில் முஸ்லிம்களே மிகப் பலர். அவர்கள் உயர்த்தும் கழுகுக் கொடியோ, துருக்கிய சுல்தானை எதிர்த்து நின்று 1468-இல் இறந்த ஸ்கந்தர்பெக் என்னும் கிறிஸ்தவ வீரனின் சின்னம். பிரிஷ்தினாவின் நடுவில் அவன் சிலை நிற்கிறது. மதம் எதுவாயினும் மொழியால் ஒன்று என்பதை அவர்கள் பிரசங்கத்தால் நிலைநாட்டவில்லை. ஒரே திண்ணையில் அமர்ந்து ஒரே கோலுக்குக் கத்தி நிலைநாட்டினார்கள். ஒரே மொழி பேசியும் சாதிக்கொரு சங்கமும் சங்கத்துக்கொரு கொடியும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் சற்றே வெட்கப்பட இதில் இடமுண்டு.

இத்தனையும் சொன்ன நாம் மறுபக்கத்தை மூடி மறைத்தால் வக்கீலாவோமே தவிர எழுத்தாளராகோம்.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் பெல்கிரேடில் செர்பியாவும் அல்பேனியாவும் ஆடின. அல்பேனிய ரசிகருக்கு அங்கே அனுமதியில்லை. அல்பேனியரைக் கொல்லுமாறு கூச்சல் எழுந்துகொண்டிருந்தது. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், அகண்ட அல்பேனியாவின் படமும் 1912-ஆம் ஆண்டுத் தலைவர் இருவரின் உருவமும் தீட்டிய பதாகை ஒன்றைச் சுமந்துகொண்டு ஆளில்லாச் சிறு விமானம் மைதானத்தின் மேல் வந்தது. செர்பிய ஆட்டக்காரர் அதைப் பிடித்திழுக்க, அல்பேனியர் பாய, ரசிகர் உள்ளே புகுந்து அடிக்க, 42-ஆம் நிமிடத்தோடு ஆட்டம் நின்றது. யுவேபா முதலில் செர்பியாவுக்கு 3-0 என வெற்றி கொடுத்து, அதன் புள்ளிகளில் மூன்றையும் குறைத்தது. மறு ஆண்டு ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை மாற்றி அல்பேனியாவுக்கு 3-0 என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமே, ஆட்டக்காரரை அடிக்க விட்டது அவ்வூராரின் குற்றம். ஆனால் அந்தப் பதாகையை நாம் புகழ மாட்டோம். அயலான் வீட்டைத் தன் வீட்டுப் படத்தில் சேர்த்து வரைவது சுதந்திரமல்ல. 1913-இல் வல்லரசுகள் செய்ததும் அதே வேலைதான். கோல் மட்டும் கைமாறியிருக்கிறது.

2018-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் கிரானித் ஷாக்காவும், கொசோவோவின் கிஜிலான் நகரில் பிறந்த ஷெர்தான் ஷகிரியும் சுவிட்சர்லாந்துக்காகச் செர்பியாவுக்கெதிராக ஆளுக்கொரு கோல் அடித்தனர். இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக் கழுகுச் சைகை காட்டினர். பிபா ஒவ்வொருவருக்கும் 10,000 சுவிஸ் பிராங்கு அபராதம் விதித்தது. ஷாக்காவின் தந்தை அரசியல் கிளர்ச்சிக்காக யூகோஸ்லாவியச் சிறையில் கிடந்தவர். அந்த மகனின் கைகள் கழுகாக எழுந்ததற்கு அபராதம் என்றால், அதை நாம் வருத்தத்தோடு பார்க்கிறோம். 2024-ஆம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் குரோவேஷியாவோடு ஆடி முடித்தபின், அல்பேனியாவின் மிர்லிந்த் டாகு ஒலிபெருக்கியை வாங்கி அண்டை நாடுகளை இழித்துக் கூட்டத்தைக் கோஷம் போடச் செய்தார். அவருக்கு இரண்டு ஆட்டத் தடை வந்தது. அதற்கு நாம் வருந்தவில்லை. கையால் தன்னைச் சொல்வது வேறு, வாயால் பிறனைத் தூற்றுவது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "அரசியல்" என்று முத்திரையிடும் சங்கங்களின் சோம்பலையே நாம் கண்டிக்கிறோம். அதே 2024-இன் நவம்பரில் புக்கரெஸ்டில், கொசோவோ செர்பியாவினுடையது என்ற கோஷத்தைக் கேட்டுக் கொசோவோ ஆட்டக்காரர் கடைசி நிமிடங்களில் மைதானத்தை விட்டு வெளியேறினர்; ஆட்டம் ருமேனியாவுக்கு 3-0 என்றாயிற்று. வெளியேறினவன் தோற்றவன் என்பது விதிதான். கூச்சலிட்டவனுக்கு மூன்று புள்ளி போனஸ் கிடைத்ததே, அது எந்த விதி?

ஆயினும் கொசோவோ அல்பேனியத் தோழர்களை நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்கள் நீலக் கொடியில் ஆறு நட்சத்திரம் இருக்கிறது. வோக்ரி பெயரிட்ட அரங்கத்தில் சிவப்புக் கொடி மட்டுமே அலையலையாய் எழும்போது, அந்த மற்ற ஐந்து நட்சத்திரங்களின் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? பிரிஸ்ரென் நகரத்துத் துருக்கியச் சிறுவனும் ரோமாச் சிறுமியும், ஏன், கிராசானிட்சாவின் செர்பியப் பையனும், அந்தப் பந்தைத் தன் பந்து என்று நினைக்க வழி விட்டிருக்கிறீர்களா? பெரும்பான்மையாய் இராத இடத்தில் பட்டதையெல்லாம், பெரும்பான்மையாகிவிட்ட இடத்தில் மறந்துவிடுவது மனித சுபாவம். அச்சுபாவத்தை எதிர்த்தல்லவோ நீங்கள் மேடுபள்ள மந்தைவெளியில் ஆடினீர்கள்?

மித்ரோவிட்சாவுக்குத் திரும்புவோம். அங்கே த்ரெப்ச்சா என்ற ஈய, துத்தநாகச் சுரங்கம் உண்டு. 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில், சுயாட்சியைப் பறிக்காதே என்று அல்பேனியத் தொழிலாளர் பூமிக்கடியில் இறங்கி உண்ணாநோன்பு இருந்த சுரங்கம் அது. அச்சுரங்கத்தின் பெயரால் ஒரு கால்பந்துக் கோஷ்டி இருந்தது. அல்பேனியரும் செர்பியரும் அதில் சேர்ந்தே ஆடினர்; இரு மொழிக்காரரும் கரையில் நின்று சேர்ந்தே கத்தினர். 1978-ஆம் ஆண்டு யூகோஸ்லாவியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை அக்கோஷ்டி சென்றது; ரியேகா கோஷ்டியிடம், கூடுதல் நேரத்தில், ஒரே ஒரு கோலில் தோற்றது. யுத்தத்துக்குப் பின் ஊர் இபார் ஆற்றால் இரண்டாயிற்று: தெற்கே அல்பேனியர், வடக்கே செர்பியர். கோஷ்டியும் இரண்டாயிற்று. இரண்டுக்கும் பெயர் த்ரெப்ச்சாதான். இரண்டும் தாம் பிறந்த ஆண்டு 1932 என்றே சொல்கின்றன. ஒன்று கொசோவோப் போட்டியில் ஆடிற்று. மற்றது செர்பியப் போட்டியில் ஆடிற்று. பழைய அரங்கம் தென்கரையில் இருக்கிறது; ஹெய்ட்டியோடு கொடியில்லாமல் ஆடியதும் அங்கேதான். வடகரையிலிருந்து பாலத்தைக் கடந்தால் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரம்.